வலி இல்லாத மலை

எங்கள் மலையில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது, "சேதி என்ன?" என்பதுதான். பதிலும் ஒன்றுதான்: "நல்ல சேதி." வீடு எரிந்து சாம்பலானவன்கூட முதலில் "நல்ல சேதி" என்பான். மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான், "வீடு மட்டும் எரிஞ்சு போச்சு" என்பான். எடுத்த எடுப்பில் தன் குறையைச் சொல்கிறவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. வளர்ப்பு சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் எத்தனை தலைமுறையாக நடக்கிறதோ தெரியாது. இதனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, கண்டிடா மபுண்டாவின் கையில் ஒரு கைக்கணினியைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பும் வரைக்கும்.

கண்டிடா எங்கள் ஊரில் பிறந்தவள் அல்ல. தெற்கே சொங்கேயாப் பக்கத்து ங்கோனி இனத்துப் பெண். அப்பா அங்கே மடத்துச் சாமியார்களுக்கு நாற்காலி செய்துகொடுத்த தச்சர். சொங்கேயாவுக்கும் எங்கள் பக்கத்து இரிங்காவுக்கும் ஓடிய பஸ்ஸில் லூக்கா என்று ஒரு கண்டக்டர் இருந்தான். அவன் எங்கள் ஹேஹே இனத்து ஆள். ஹேஹேக்களுக்கும் ங்கோனிகளுக்கும் உதானி, அதாவது கேலி முறை. ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். போதும் போதும் என்றான பிறகு வாயால் குத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். மாமன் மகளை அத்தை மகன் சீண்டுகிற மாதிரி, எந்த ங்கோனியும் எந்த ஹேஹேயையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். திருப்பியும் சொல்லலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

லூக்கா அவளிடம் டிக்கெட்டை நீட்டி, "ங்கோனின்னா ஒண்ணரை டிக்கெட். வாய்க்குத் தனியா அரை" என்றான்.

"ஹேஹேக்காரன் வண்டின்னா எனக்குப் பாதி டிக்கெட் போதும்" என்றாள் கண்டிடா. "உங்க பாட்டன் சண்டையில பின்னாலயே போனான். இந்த பஸ்ஸும் எப்படியும் பாதி வழியில திரும்பிடும்."

பஸ்ஸே சிரித்தது. அடுத்த சோள அறுவடைக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

அவள் வாய்க்கு எங்கள் மலையே பயந்தது என்று சொன்னால் மிகையில்லை. பயந்துகொண்டே தேடி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சாவு வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே ஒருவர் இறந்தால் கேலி முறைக்காரர்கள் வந்து பிணத்தைப் பரிகாசம் செய்ய வேண்டும், வழியை மறிக்க வேண்டும், அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அது கடமை. கண்டிடா வந்துவிட்டாள் என்றால் அந்த வீட்டுக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் லூக்காவின் பஸ் மலைச்சரிவில் உருண்டது. அவன் பிழைக்கவில்லை.

கண்டிடா அழவில்லை. அழாதது அதிசயமில்லை, சிலருக்கு அழுகை தாமதமாக வரும். அவளுக்கு வரவே இல்லை. வேலைகளைச் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ம்பேயா ஊரில் இருக்கும் மகன் போன் செய்தால் "நல்ல சேதி" என்றாள். ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. கேலிப் பேச்சும் அதோடு போயிற்று. யாராவது சீண்டினால் "ஆமாம்" என்று ஒத்துக்கொண்டு நடந்துவிடுவாள். ஒத்துக்கொள்கிறவளை எவ்வளவு நேரம் சீண்டுவது? ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். சாவு வீடுகளுக்கு வேறு ங்கோனிகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

விடாதவன் ஒபாடியா கிஹ்வேலே ஒருவன்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரன். வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் தண்ணீருக்குப் போனாலும் திரும்பினாலும் ஏதாவது ஒன்று வீசுவான்.

"என்ன ங்கோனி, நாக்கை அடகு வெச்சுட்டியா? சொல்லு, நான் மீட்டுத் தர்றேன்."

"ஆமாம்" என்பாள் அவள்.

"ஆமாமாம்! ஏய் துலியா, இவகூட எப்படித்தான் சண்டை போட்டாங்க நம்ம ஆளுங்க? எல்லாத்துக்கும் ஆமாங்கறா!"

உள்ளேயிருந்து அவன் மனைவி துலியா, "அவளை விடுய்யா" என்பாள். விடமாட்டான். வருஷக்கணக்காக ஒருவன் மட்டும் தனியாகப் பந்தை வீசிக்கொண்டே இருந்தான், எதிரே பிடிக்க ஆளில்லாமல்.

அந்த ஒபாடியாவுக்குத்தான் நோய் வந்தது. அடிவயிற்றுக்குக் கீழே ஆரம்பித்த புற்று, கண்டுபிடித்தபோது இடுப்பெலும்புக்கும் முதுகுக்கும் போய்விட்டிருந்தது. குணமாக்க வழியில்லை என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லி, வாரம் ஒரு பாட்டில் கசப்பு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். மார்ஃபின். ஒரு மூடி குடித்தால் நாலு மணி நேரம் மெஷினில் உட்காருவான். மூங்கில் கள்ளைவிட இது மேல் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தான். சிரப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது வெளிநாட்டுத் தர்ம அமைப்பு ஒன்று. மழை முடிவதோடு அவர்கள் பணமும் முடிகிறது, அதற்கப்புறம் சர்க்கார் வாங்கினால்தான் உண்டு என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

சர்க்கார் எதை வாங்கும், எதை வாங்காது என்பதைத் தீர்மானிக்க ஒரு கணக்கெடுப்பு வந்தது. கொசுவலையானாலும் குடிநீரானாலும் எந்தக் கணக்கெடுப்புக்கும் எங்கள் பக்கத்தில் கண்டிடாவைக் கூப்பிடுவது வழக்கம். லூக்கா போன பிறகு அந்த வேலை அவளுக்கு இன்னும் பொருந்திப்போயிற்று. இவள் கேட்பாள், இன்னொருத்தர் சொல்வார், இவள் குறிப்பாள். நடுவில் எதையும் உணர வேண்டியதில்லை.

பயிற்சி கொடுக்கத் தலைநகரத்திலிருந்து டாக்டர் ம்வான்துமு பாஸி வந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மருந்துச் செலவைக் கணக்குப் பார்க்கிற பொருளாதார டாக்டர். கடற்கரைப் பெண், கலகலப்பானவள். கரும்பலகையில் ஒரு பானை வரைந்தாள்.

"நாட்டுகிட்ட மருந்துக்குன்னு இருக்கறது இந்தப் பானைப் பணம்தான். எல்லா மருந்தையும் வாங்க முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் என்ன செலவு, அதனால மக்களுக்கு எவ்வளவு நல்லது, ரெண்டையும் வெச்சு மேலேருந்து கீழ வரிசைப்படுத்துவோம். பானை எங்க காலியாகுதோ அங்க ஒரு கோடு. கோட்டுக்கு மேல இருக்கறதை வாங்குவோம்."

"கீழ இருக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கீழ இருக்கறதை வாங்க மாட்டோம். அதான் நிஜம். யாரோ ஒருத்தர் மனசுக்குத் தோணினபடி வாங்கறதைவிட இது மேல்னு நான் நம்பறேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "உயிரைக் காப்பாத்தற மருந்துக்கு நல்லதை எண்றது சுலபம். உயிரை நீட்டாம வலியை மட்டும் குறைக்கற மருந்து இருக்கே, அதுக்குத்தான் நீங்க போறீங்க. எத்தனை பேருக்கு எவ்வளவு வலின்னு அவங்க வாயால வாங்கிட்டு வரணும். அவங்க சொல்றதுதான் கணக்கு. நீங்களா எதையும் சேர்க்கக் கூடாது."

விதிகள் கடுமையாக இருந்தன. பதில் சொல்கிறவர் தனியாக இருக்க வேண்டும். கேள்வியை எழுதியபடியே படிக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, வற்புறுத்தக் கூடாது. வலி இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை, தாங்க முடியாதது என்று ஐந்து படி, அதில் அவர் சொல்வதைக் கைக்கணினியில் தொட வேண்டும். மற்ற கேள்விக்காரர்கள் இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் திணறினார்கள். கண்டிடாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவள் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தாளோ அதைத்தான் விதியாக எழுதியிருந்தார்கள்.

மலை முழுக்க நடந்தாள். ஒரு வீட்டில், பால்கேன் மாதிரி வீங்கிய காலோடு ஒருவரை இரண்டு மகன்கள் தூக்கி வந்து நாற்காலியில் வைத்தார்கள்.

"இன்னிக்கு உங்களுக்கு வலி உண்டா?"

"நல்லா இருக்கேம்மா. நீங்க எப்படி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"நடக்கறதுல சிரமம் உண்டா?"

"கடவுள் புண்ணியத்துல ஒண்ணுமில்லை."

வலி இல்லை. சிரமம் இல்லை. கண்டிடா தொட்டாள். மகன்கள் வந்து அவரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு வீட்டில் பிரசவத்தில் கிழிந்து தைக்காமல் விட்ட பெண் நின்றுகொண்டே பதில் சொன்னாள், உட்கார முடியாமல். நல்ல சேதி. எல்லாரும் நல்லபடியாக இருந்தார்கள். அப்படி இல்லை என்று எழுத அவளுக்கு அதிகாரம் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வீட்டுக்கு வந்து களி கிண்டிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் நன்றாகவே வந்தது. இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அவள் அப்படித்தான் இருந்தாள்.

பாதி வேலை முடிந்தபோது ம்வான்துமு அவளை மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்தாள். சுவரில் வரைபடம் இருந்தது. வலி அதிகமான இடங்கள் சிவப்பு, குறைந்த இடங்கள் பச்சை. எங்கள் மலை பச்சைப் பசேலென்று இருந்தது.

"பாருங்கக்கா, உலகத்துலயே வலி இல்லாத மலை உங்க மலைதான். பணக்கார நாட்டுல கூட இவ்வளவு சௌக்கியமா யாரும் இல்லை." அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இது பொய்னு தெரியும். எங்க கடற்கரையிலயும் இதே நல்ல சேதிதான். ஆனா தெரியும்கறதை வெச்சு நான் கணக்குப் போட முடியாது. இந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். வலிச் சிரப் கோட்டுக்குக் கீழ போயிடுச்சு."

"மார்ஃபினா?"

"ஆமா. வலியே இல்லாத ஊருக்கு வலி மருந்து எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

கண்டிடா வரைபடத்தைப் பார்த்தாள். ஒபாடியாவின் வீடும் அந்தப் பச்சைக்குள்தான் இருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருக்கிற வீடுகளின் பெயர்களை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கு மத்தியானம் அனேத் லுவாண்டா என்கிற உருளைக்கிழங்கு விவசாயி வீடு. அனேத் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்ற எழுந்தாள். பாதியில் நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி மெதுவாக உட்கார்ந்தாள். நெற்றி வியர்த்துவிட்டது. மார்பில் வந்த கட்டி முதுகு வரைக்கும் போயிருந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு வலி உண்டா?" என்று கண்டிடா படித்தாள்.

"நல்லா இருக்கேன். வலியெல்லாம் ஒண்ணுமில்லை."

கண்டிடாவின் விரல் 'வலி இல்லை' மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. கோபம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அந்த எரிச்சலில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஹேஹே புத்தி போகுதா பாரு! எங்க ஈட்டி முதுகுல ஏறி மார்ல வெளிய வந்தப்பவும் உங்க பாட்டன் 'ஒண்ணுமில்லை, கொசு கடிச்சுது'ன்னுதான் சொல்லியிருப்பான். ஒரு டம்ளர் டீ ஊத்த முடியலை, வலி இல்லையாம்!"

அனேத் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. வலியோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடிப் பாவி, நீ அந்த ங்கோனியா! முன்னாடியே சொல்லக் கூடாதா? சர்க்கார் பொம்பளைன்னு நினைச்சு நான் மரியாதையாப் பேசிட்டிருக்கேன்." சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. "உங்க ஈட்டியே தேவலை. அது ஒரு தடவை குத்திட்டுப் போயிடும். இது ராவெல்லாம் குத்துது. பிள்ளைங்க முழிச்சுக்கக் கூடாதேன்னு துணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

கண்டிடா ஐந்தாவது படியைத் தொட்டாள்.

மறுநாளே ம்வான்துமுவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"விதியை மீறிட்டீங்க, அக்கா."

"ஆமாம்."

"அந்தப் பதிலை நான் சேர்க்க முடியாது."

"சரி."

ம்வான்துமு பேனாவைக் கீழே வைத்தாள். "என்னன்னு கேலி பண்ணினீங்க?"

கண்டிடா சொன்னாள். அதே வார்த்தைகள், உயிரில்லாத குரலில். ம்வான்துமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கப்பாவும் கடைசி வரைக்கும் டாக்டர்கிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொன்னார். எங்களுக்கும் ந்யம்வேஸிக்காரங்களுக்கும் கேலி முறை. பக்கத்து வீட்டு ந்யம்வேஸிக்காரர் வந்து, 'என்னய்யா, சாகறதுக்கும் சோம்பேறித்தனமா?'ன்னு கேட்டார் பாருங்க, அவர்கிட்டதான் எல்லாத்தையும் கொட்டினார். நாங்க கதவுக்குப் பின்னால நின்னு கேட்டோம்." எழுந்து வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். "முதல் கணக்கைத் திருத்தக் கூடாது. அது அப்படியே போகட்டும். அதே வீடுகள்ல கொஞ்சத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, கேலி முறைக்காரங்களை அனுப்பி ரெண்டாந்தடவை கேப்போம். எப்படிக் கேட்டோம்னு வெளிப்படையா எழுதுவோம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை, எந்த மருந்தை வாங்கறதுன்னு முடிவு பண்ற குழுவே பார்க்கட்டும்."

அவள் மேலிடத்தோடு போனில் மல்லுக்கட்டியது தனிக்கதை. ஒருவழியாக அனுமதி வந்தது. எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த ங்கோனிகள் மூன்று பேரைப் பிடித்தார்கள். அதில் கண்டிடா ஒருத்தி.

ஊருக்கு இது திருவிழாவாகிவிட்டது. "வா ங்கோனி, வா, இன்னிக்கு யாரைத் திட்டப் போறே?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். கால் வீங்கியவரிடம், "பன்னிக்காலை எங்கய்யா வாங்கினே, சந்தையிலயா?" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போகப் பயந்து சாப்பிடுவதையே குறைத்துவிட்டதாகச் சொன்னார். நான்காவது படி. கேலி அவளுக்கு மறந்திருக்கவில்லை. கை பழகிய வேலை மாதிரி நாக்கு தானாக நடந்தது. எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் சொன்னார்கள். அவள் மட்டும் சிரிக்கவும் இல்லை, கேட்டதில் எதுவும் உள்ளே போகவும் இல்லை. பச்சை மலையில் சிவப்பு ஏறிக்கொண்டே போனது.

இதற்கிடையில் மழை முடிந்தது. தர்ம அமைப்பின் பணமும் முடிந்தது. துலியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலி பாட்டிலோடு திரும்பி வந்தாள். சாதாரணத் தலைவலி மாத்திரைகளைக் கொடுத்திருந்தார்கள், நர்ஸ் முகத்தைப் பார்க்காமலே. தையல் மெஷினின் மேல் துணி மூடப்பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து கேலி வருவது நின்றது. கண்டிடாவுக்கு அந்த அமைதி காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, அவள் போய் எட்டிப் பார்க்கவில்லை.

சீட்டில் ஒபாடியாவின் வீடும் வந்திருந்தது. அவள் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். துலியா ஸ்டூலைப் போட்டுவிட்டு வெளியே போனாள். உடம்பு பாதியாகிவிட்டது. கண்டிடா வழியெல்லாம் யோசித்துத் தயார் செய்து வைத்திருந்ததை எடுத்தாள்.

"என்னய்யா ஹேஹே, தைக்கக் குடுத்த துணியெல்லாம் திருடிட்டு, கேக்க வந்தா படுத்துக்கிட்டு நடிக்கறியா? எழுந்திரு. சர்க்கார் வந்திருக்கு."

அவன் மெதுவாகத் திரும்பினான். அந்தத் திரும்பலுக்கே வெகுநேரம் ஆயிற்று. பதில் கேலி ஏதாவது வரப்போகிறது என்று கண்டிடா காத்திருந்தாள்.

"கண்டிடாம்மா" என்றான் அவன்.

இத்தனை வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா என்றதும் இல்லை. ங்கோனி, வாயாடி, சண்டைக்காரி, அடகுக்கடை, இதெல்லாம்தான் அவளுடைய பெயர்கள்.

"வலிக்குதும்மா" என்றான். "ரொம்ப வலிக்குது. விளையாட இப்போ தெம்பில்லை, மன்னிச்சுக்கோங்க. என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

அவள் ஐந்தாவது படியைத் தொட்டாள். விரல் சரியாகப் படவில்லை. மறுபடி தொட்டாள்.

"இதை எழுதினா பாட்டில் வருமா?"

"வரலாம்."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது. குழு கூடணும். அப்புறம் வாங்கணும். வரப்போற வருஷக் கணக்கு இது" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. துலியா கதவருகில் நின்று, "என்னங்க, எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாதான் இருக்கேன். ங்கோனிகூடப் பேசிட்டிருக்கேன்" என்று ஒபாடியா குரலைக் கூட்டிச் சொன்னான். அப்படிச் சொல்ல அவனுக்கு இரண்டு தடவை மூச்சு பிடிக்க வேண்டியிருந்தது.

கண்டிடா வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அப்போதும் அழுகை வரவில்லை.

குழு தலைநகரத்தில் கூடியது. இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ம்வான்துமு ஒரு முழுப் பகல் வாதாடியிருக்கிறாள். கேலி பண்ணிக் கேட்டதையெல்லாம் கணக்கில் எடுப்பதா என்று ஒருவர் எழுந்து போயே விட்டாராம். மூன்றாவது நாள் போன் வந்தது.

"அக்கா, மேல வந்திடுச்சு! கோட்டுக்கு மேல! ரொம்ப மேல இல்லை, ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா மேல. முதல் சரக்கை உங்க மலைக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"நல்லது."

"சந்தோஷமா இல்லையா?"

"நல்ல சேதிதான்" என்றாள் கண்டிடா. ம்வான்துமு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்தாள். இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நாட்டிலேயே அதிகம் தெரிந்தவள் அவள்தான்.

முடிவு செய்வது ஒன்று, மருந்து வருவது வேறொன்று. அது போதைச் சரக்கு. கையெழுத்துகள் வேண்டும், பூட்டு போட்ட பெட்டி வேண்டும், கூட வர ஆள் வேண்டும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒபாடியா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தான். சத்தம் போட்டுக்கொண்டு இறந்தான். கடைசி இரண்டு நாள் அவனால் நல்லா இருக்கேன் என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை மாலை ஆஸ்பத்திரி வண்டி பெட்டியோடு மலையேறியது.

செவ்வாய்க்கிழமை அடக்கம். துலியா ஆளனுப்பினாள்: "கேலி முறை செய்ய அவளைக் கூப்பிடுங்க. வேற யாரும் வேண்டாம். அவ வரலைன்னா யாருமே வேண்டாம்."

கண்டிடா வந்தாள். ஒபாடியாவின் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவனுடைய அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. குழிக்கு முன்னால் சவப்பெட்டியை மறித்துக் குறுக்கே நின்றாள்.

"எங்க கொண்டு போறீங்க என் கடன்காரனை? இறக்குங்க கீழ!"

இறக்கினார்கள். அவள் நாடாவை எடுத்துப் பெட்டியை நீளவாக்கில் அளந்தாள், குறுக்கே அளந்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"தோள் இறுக்கம், கீழ தொளதொளன்னு கிடக்கு. சந்தேகமே இல்லை, இதை இவனேதான் தெச்சிருக்கான். எனக்குத் தெச்ச சட்டையும் இதே அளவுதான்!"

சிரிப்பு வெடித்தது. அழுது வீங்கிய முகங்கள் சிரித்தன. யாரோ அவள் காலடியில் சில்லறையை எறிந்தார்கள். அவள் அதை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஹேஹே காசு, செல்லாது" என்று திருப்பி எறிந்தாள். மறுபடி சிரிப்பு. பழைய கண்டிடா திரும்பி வந்துவிட்டாள் என்று ஊர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது.

அவள் குனிந்து பெட்டியின் மூடியைத் தட்டினாள்.

"யோவ் ஹேஹே! மருந்து வந்திருச்சு. நேத்து சாயங்காலம் வந்துது, பெட்டி நிறைய. சர்க்கார் செலவு, உனக்கு ஒரு காசு கிடையாது. ஓசின்னா செத்தவன்கூட எழுந்துக்கற ஜாதியாச்சேய்யா நீங்க? எழுந்திரு. எழுந்து குடி!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. துலியா கங்கா என்கிற மேல்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

கண்டிடா மூடியின் மேல் கையை வைத்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். கேலி முறையில் ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நோய் முற்றும் வரை அவன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, அவள் பதிலே சொல்லாத வருஷங்களில்கூட. சிரிப்பு அடங்கியது. அவள் இன்னொரு தடவை தட்டினாள், மெதுவாக. பிறகு தோண்டிப் போட்டிருந்த மண்ணின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். லூக்காவுக்காகவா, ஒபாடியாவுக்காகவா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேலி முறைக்காரர் சாவில் அழக் கூடாது. அதற்கு அபராதம் உண்டு. யாரும் அதைக் கேட்கவில்லை. பெட்டி தூக்க வந்த ஆண்கள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.